ஃபாயில் தீர்ந்த நாள்

ஏப்ரல் 3

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு இருமல் மருந்து பாட்டில் சிரித்துக்கொண்டு நிற்கிறது. மூன்று மாதம் மேசையில் சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. விடுதியில் என் அறைத்தோழி கல்யாணமாகிப் போய்விட்டாள். வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ஆகவே டைரியே, நான் வினோலியா. மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் துறை, பிஎச்.டி. நான்காம் ஆண்டு. என்ன ஆராய்ச்சி என்று ஊரில் யாராவது கேட்டால் அம்மா, "பச்சப்பிள்ளை மஞ்சக்காமாலைக்கு மருந்து கண்டுபிடிக்கா" என்று கூசாமல் சொல்லிவிடுகிறாள். அவ்வளவெல்லாம் இல்லை. பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் ஏறுகிறதே, அந்த மஞ்சளுக்குப் பிலிருபின் என்று பெயர். அது ரத்தத்தில் கூடும்போது நோய் எதிர்ப்புச் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ன பாடுபடுகிறது என்று பார்க்கிறேன். மைட்டோகாண்ட்ரியா என்றால் செல்லின் அடுப்பு. அடுப்பு எரிந்தால்தான் செல்லுக்கு வேலை ஓடும். இதற்கென்று ஒரு சாயம் இருக்கிறது. அடுப்பு நன்றாக எரிந்தால் செல் சிவப்பாக ஒளிரும், அணைந்துகொண்டிருந்தால் பச்சை. நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு சிவப்பா, பச்சையா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

பிறந்த குழந்தையிடம் ஆராய்ச்சிக்கென்று தனியாக ரத்தம் எடுக்கக் கூடாது. வார்டில் எடுக்கும் ரத்தத்தில் ஆஸ்பத்திரி லேப் தன் சோதனையை முடித்த பிறகு மிஞ்சுவது எனக்கு. விதி அப்படித்தான் சொல்கிறது. விதியை எழுதியவர் செல்களோடு வாழ்ந்தவர் இல்லை. லேப் முடித்துத் தருவதற்குள் பாதி செத்துப்போகும். அதனால் வார்டு சிஸ்டரும் நானும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். டியூப் முதலில் என்னிடம் வரும். நான் செல்களைப் பிரித்துக்கொண்டு, மேலே தெளியும் மஞ்சள் நீரை லேப்பில் கொண்டுபோய்க் கொடுப்பேன். பிலிருபின் பார்க்க அந்த நீர் போதும். பிள்ளைக்கும் ஒரு குத்து மிச்சம். என் வழிகாட்டி மனோன்மணி மேடத்துக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

ஏப்ரல் 7

வார்டில் இன்று புதிதாக ஒரு பெண்ணிடம் சம்மதக் கையெழுத்து வாங்கினேன். இசக்கிராணி. இருபத்துநான்கு வயது இருக்கும், முதல் பிள்ளை, ஆண். அம்மாவின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் சேராத வகை. பிறந்த மறுநாளே மஞ்சள் ஏறிவிட்டது. நீல விளக்குக்கு அடியில் கண்ணைக் கட்டிக்கொண்டு, கடற்கரையில் காற்று வாங்குகிற பெரிய மனிதர் போலப் படுத்திருக்கிறான்.

இசக்கிராணி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எக்கா, இந்த லைட்டு என்ன செய்யும்?"

"வெளிச்சம் பட்டா மஞ்சள் உடைஞ்சு கரைஞ்சிரும். ஒண்ணுக்கு ரெண்டுக்கோட வெளிய போயிரும்."

"வெறும் வெளிச்சத்துக்கா?" நம்பாமல் சிரித்தாள். "அப்ப வெயில்ல வச்சா?"

"வெயில்ல இன்னும் சீக்கிரம் கரையும். வீட்டுக்குப் போனதும் காலை வெயில் கொஞ்சம் காட்டுங்க."

காலை வெயில் காட்டச் சொல்வது இங்கே எல்லோரும் சொல்வதுதான், சிஸ்டர் முதல் வாட்ச்மேன் வரை. விளக்கின் வேலையை அது செய்யாது என்று ஹபீப் டாக்டர் அலுத்துக்கொள்வார். குழந்தைகள் பிரிவுக்கு அவர்தான் தலைவர். ஆனால் அந்தப் பெண் கேட்டபோது, கேட்டதற்கு ஏதோ ஒரு பதில் கொடுக்கத் தோன்றியது. வெள்ளைக் கோட்டு போட்டாலே வாய் நீண்டுவிடுகிறது.

இன்றைய பிலிருபின் 19. அதிகம்தான்.

ஏப்ரல் 8

எரிச்சலான நாள். ஃபாயில் தீர்ந்துவிட்டது.

சாயத்துக்கு வெளிச்சம் ஆகாது. சாயம் போட்ட டியூபை அலுமினியம் ஃபாயிலில் சுற்றி இருட்டில் வைக்க வேண்டும், இல்லையென்றால் சிவப்பும் இராது பச்சையும் இராது. ரோலில் ஒரு முழம்கூட மிஞ்சவில்லை. இருந்த துண்டை என் சாய டியூபுகளுக்குப் பங்கு போட்டுச் சுற்றினேன். மேசை முழுவதையும் முதலாமாண்டு மாணவர்கள் செய்முறை வகுப்பு என்று பரப்பி வைத்திருந்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டு ஒரு காரியமும் நடக்காது. பிரித்தெடுத்த நீர் டியூபை ஸ்டாண்டோடு ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர்க்காரர் கையெழுத்து இல்லாமல் தர மாட்டாராம். மேடத்தைத் தேடினால் மேடம் மீட்டிங்கில். அங்கிருந்து திரும்ப ஸ்டோர். ஸ்டோர்க்காரர் சாப்பிடப் போய்விட்டார். நானும் போய்ச் சாப்பிட்டேன். கேன்டீனில் எலுமிச்சை சாதம்; உப்பு இல்லை. சித்திரை பிறக்கவில்லை, அதற்குள் வெயில் மண்டையைப் பிளக்கிறது.

திரும்பி வந்து இசக்கிராணி பிள்ளையின் டியூபை லேப்பில் கொடுத்தேன். கொடுக்கும்போது கவனித்தேன், நீர் நன்றாக வெளிறியிருந்தது. பையன் தேறிக்கொண்டிருக்கிறான்.

ஏப்ரல் 9

பிலிருபின் 11. ஹபீப் டாக்டரே ஆச்சரியப்பட்டார். "லைட் பிரமாதமா வேலை செஞ்சிருக்கே" என்றார். விளக்குக்கு அடியில் கிடந்த பிள்ளையின் தோலைப் பார்த்து மஞ்சளைச் சொல்ல முடியாது, எண்ணைத்தான் நம்ப வேண்டும். எண் நன்றாக இருந்தது. விளக்கை அணைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இசக்கிராணியின் கணவர் வேல்ராஜ், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், வார்டு முழுக்க ஜிலேபி கொடுத்தார். எனக்கு இரண்டு.

என் பக்கம்தான் சரியாக வரவில்லை. அந்தப் பிள்ளையின் செல்கள் பச்சை. ஒன்றிரண்டு இல்லை, பார்க்கும் இடமெல்லாம் பச்சை. மஞ்சள் இறங்கிய பிள்ளைக்கு அடுப்பு இப்படி அணையக் கூடாது. சாயம் பழசோ என்று அதே சாயத்தில் வேறொரு பிள்ளையின் செல்லைப் போட்டுப் பார்த்தேன். அது செக்கச்செவேல் என்று எரிந்தது.

"விதிவிலக்கு" என்று குறித்துவிட்டு விடுதிக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 10

விடுதியில் தண்ணீர் இல்லை. ஸ்டோரில் ஃபாயில் இல்லை. குளிக்காமல் வேலைக்குப் போனேன்.

ஏப்ரல் 12

இசக்கிராணியின் பிள்ளை திரும்பி வந்திருக்கிறான்.

நான் வார்டில்தான் இருந்தேன். முதலில் சத்தம்தான் வந்தது. பிள்ளை அழுகிற சத்தம் மாதிரி இல்லை, ஸ்லேட்டில் ஆணியை இழுத்த மாதிரி ஒன்று. வேல்ராஜ் கையில் பிள்ளை வில்லாக வளைந்திருந்தான். நேற்றிலிருந்து பால் குடிக்கவில்லையாம். தூங்கிக்கொண்டே இருந்தானாம். நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்களாம்.

பிலிருபின் 34.

ஹபீப் டாக்டர் இரண்டு முறை அந்த எண்ணைப் பார்த்தார். "பதினொண்ணுல விட்டோம். மூணு நாள்ல முப்பத்திநாலா? எப்படி?" அங்கே நின்ற எல்லோரையும் பார்த்தார். என்னையும் பார்த்தார். "அன்னைக்கு சாம்பிள் ஒழுங்காதானே வந்துச்சு?"

"வழக்கம்போலத்தான் சார்" என்றேன்.

பிறகு அவர் இசக்கிராணியிடம் திரும்பி, பால் குடித்தானா, எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனான், வேறு ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். அவளுடைய மாமியார் சொர்ணம் குறுக்கே வந்தார். "டாக்டரம்மா வெயில்ல காட்டச் சொன்னாவளாம். இவ காட்டவே இல்ல சார். விடிஞ்சு எட்டு மணி வரைக்கும் பிள்ளையப் போட்டுக்கிட்டுத் தூங்குதா."

டாக்டரம்மா என்றால் நான்தான்.

இசக்கிராணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். தையல் போட்ட வயிறு, ராத்திரி முழுக்க விழிப்பு, தூங்காமல் என்ன செய்வாள்? அதை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கிழவி சொன்னதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. அதை இங்கே எழுதிவைக்கிறேன், மூச்சு வந்தது.

ஏப்ரல் 13

பிள்ளையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து வேறு ரத்தம் ஏற்றினார்கள். மஞ்சள் இறங்கிவிட்டது. பிழைத்துக்கொள்வான். ஆனால் மஞ்சள் மூளைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்கிறார்கள். அது உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்காது.

ஏப்ரல் 14

தமிழ்ப் புத்தாண்டு. விடுதியில் வடை பாயசம். கடைகள் பாதி மூடியிருந்தன. பாத்திரக்கடை ஒன்றில் ஃபாயில் இரண்டு ரோல் வாங்கினேன். கைக்காசு. எதற்கு வாங்கினாய் என்று யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 19

மேடம் இன்று குழந்தை மாதிரி ஆகிவிட்டார். என் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, கூட்டத்திலிருந்து விலகி நிற்கும் அந்த ஒற்றைப் புள்ளியை விரலால் தட்டினார்.

"வினோ, இதைப் பாரு. பிலிருபின் பதினொண்ணுதான். ஆனா செல் அத்தனையும் செத்த மாதிரி. மூணு நாள் கழிச்சுப் பிள்ளை விழுந்துடுது. அப்படின்னா என்ன அர்த்தம்? ரத்தத்துல மஞ்சள் தெரியறதுக்கு முன்னாடியே மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தெரிஞ்சிருக்கு! இதுதான்டி உன் தீசிஸ்."

நவம்பரில் டெல்லி மாநாட்டுக்கு இதை அனுப்பச் சொல்கிறார். டீ வாங்கிக் கொடுத்தார். நான்கு வருடத்தில் மேடம் எனக்கு டீ வாங்கிக் கொடுப்பது இதுதான் முதல் தடவை. பாதிக்கு மேல் இறங்கவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல.

ஏப்ரல் 27

இசக்கிராணியை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளைக்கு உடம்பு சில நேரம் விறைக்கிறது, சில நேரம் துணி மாதிரி தொய்கிறது. மூன்று மாதம் கழித்துக் காது பார்க்க வர வேண்டும். மஞ்சள் மூளையில் ஏறினால் முதலில் காதைத்தான் தேடிப் போகுமாம்.

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னிய எக்கா. நான்தான் கேக்கல. ரெண்டு நாள் வெயில்ல போட்டிருந்தா பிள்ளை நல்லா இருந்திருக்கும்."

படித்துப் படித்தெல்லாம் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், அதுவும் சும்மா. "அப்படியெல்லாம் இல்ல" என்றேன். அது ஆறுதல் வார்த்தை என்று அவள் எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

மே 2

அம்மா போனில். மாப்பிள்ளை ஜாதகம் வந்திருக்கிறதாம். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். ஃபேன் காற்று என்றேன்.

மே 6

ஒரு சின்னப் பரிசோதனை செய்தேன். யாரும் சொல்லவில்லை, மேடத்துக்கும் தெரியாது.

லேப்பில் வேலை முடிந்து கொட்டப்போகும் மஞ்சள் நீர் கொஞ்சம் வாங்கி வந்தேன். இரண்டு டியூபில் பங்கிட்டேன். ஒன்றை ஃபாயிலில் சுற்றினேன். இன்னொன்றை அப்படியே ஜன்னல் மேடையில் வைத்தேன், அதே இடத்தில். பிறகு கேன்டீனுக்குப் போனேன். பசியில்லை. ஆனாலும் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் வாங்கி, அன்றைக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தோன்றியதோ அவ்வளவு நேரம் அளைந்துகொண்டிருந்தேன்.

ஃபாயில் சுற்றியது: 20.6. ஜன்னலில் இருந்தது: 11.2.

வெளிச்சம் பட்டால் மஞ்சள் உடைந்து கரைந்துவிடும். வெயிலில் இன்னும் சீக்கிரம். இதை அவளுக்குச் சொன்னவள் நான். சொல்லிவிட்டு மறுநாளே அவள் பிள்ளையின் மஞ்சளை வெயிலில் வைத்துவிட்டு ஃபாயில் தேடிப் போனேன், என் சாயத்துக்கு வெளிச்சம் படக் கூடாதே என்று. பிள்ளையின் உடம்பில் மஞ்சள் இருந்தபடியே இருந்தது. டியூபில் இருந்ததுதான் கரைந்தது. அந்த எண்ணை நம்பி விளக்கை அணைத்தார்கள்.

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். இது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது போல எழுதியிருக்கிறேன். அதுவும் பொய். பன்னிரண்டாம் தேதி அந்த அழுகையைக் கேட்டபோதே எனக்குத் தெரியும். இல்லையென்றால் புத்தாண்டு அன்றைக்கு ஃபாயில் வாங்கக் கடைகடையாய் அலைந்திருப்பேனா?

மே 7

வேலைக்குப் போகவில்லை.

மே 9

மேடத்தின் முன்னால் இரண்டு எண்களையும் எழுதி வைத்தேன். எங்கே நின்றது, எப்படி நின்றது என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, திரும்பப் போட்டார். மறுபடி கழற்றினார்.

"டியூப் முதல்ல உன்கிட்ட வந்தது எனக்கும் தெரியுமே" என்றார் கடைசியில். என்னைத் திட்டுவார் என்று வந்தவள் நான். அவர் அழுதுவிடுவார் போலிருந்தது.

"ஹபீப்கிட்ட நான் பேசறேன். நிர்வாகம் குடும்பத்துக்கு முறைப்படி சொல்லும். நீயா போய் நிக்காத வினோ. நீ போனா அது வேற மாதிரி ஆயிடும்."

என்ன மாதிரி ஆகும் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது சுகமாக இருந்தது.

அறைக்கு வந்து வரைபடத்தை எடுத்தேன். 11 இருந்த இடத்தில் 20 என்று போட்டுப் பார்த்தேன். விலகி நின்ற அந்தப் புள்ளி நகர்ந்து, மற்ற புள்ளிகளோடு கோட்டின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. விதிவிலக்கும் இல்லை, கண்டுபிடிப்பும் இல்லை. பிள்ளையின் செல்கள் அன்றைக்கே அப்பட்டமாகப் பச்சை பச்சையாகச் சொல்லின. பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நான் ஜிலேபி தின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 4

வார்டிலும் லேப்பிலும் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். பிலிருபின் மாதிரிகளை வெளிச்சம் படாமல் மூடி அனுப்ப வேண்டும். ஆராய்ச்சிக்கு லேப் வேலை முடிந்த பிறகே தர வேண்டும். ஸ்டோரில் ஃபாயில் பெட்டி பெட்டியாக இறங்கியிருக்கிறது. ஸ்டோர்க்காரர் கையெழுத்துக்கூடக் கேட்காமல் நான்கு ரோல் தூக்கிக் கொடுத்தார்.

இசக்கிராணி வீட்டுக்கு யாராவது சொன்னார்களா என்று ஹபீப் டாக்டரிடம் கேட்டேன். "ஃபைல் மேல போயிருக்கு" என்றார். அவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. மனிதர் இளைத்துவிட்டார்.

ஜூன் 23

ஃபைல் மேலேயே இருக்கிறது.

ஜூலை 2

இன்று ஒரு பிள்ளையின் செல்லைப் பார்த்தேன். சிவப்பு. பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னால் வந்து நின்ற மாணவி ஒருத்தி, "அக்கா, ஏன் அழறீங்க?" என்றாள். கண் வலி என்றேன். பொய் சொல்வதில் எனக்கு இப்போது நல்ல கைப்பழக்கம்.

ஜூலை 18

இன்றைக்குக் காது பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. காலையிலிருந்து அந்த வராந்தாவில்தான் நின்றேன்.

இசக்கிராணி தனியாக வந்தாள். பிள்ளைக்கு சபரீஷ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முடி அடர்த்தியாக வளர்ந்திருக்கிறது, கண்ணுக்கு மை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. தலை மட்டும் நிற்கவில்லை, தோளில் சரிந்து சரிந்து விழுகிறது. தூங்க வைத்து நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டினார்கள். காதுக்குள் சத்தம் கொடுத்தால் திரையில் அலை எழும்ப வேண்டும். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கோடு நேராகவே ஓடியது.

வெளியே பெஞ்சில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எங்க அத்தை என்னையப் பொறந்த வீட்டுக்குப் போகச் சொல்லுதாவ எக்கா. எனக்கு அம்மா இல்ல, எங்க போவேன்? அவரு என்கிட்ட பேசி ரெண்டு மாசம் ஆச்சு. சோறு வச்சா சாப்பிடுவாரு. ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. தெனமும் சாயங்காலம் வந்து ஒரு தம்ளரை எடுத்துப் பிள்ளைக்குப் பின்னால கீழ போட்டுப் பாப்பாரு. திரும்புதானான்னு. திரும்பலைன்னா என்னையப் பாப்பாரு. நான் வெயில்ல காட்டியிருந்தா..."

"நீ காட்டாததால இல்ல" என்றேன்.

"ஆறுதலுக்குச் சொல்லாதிய."

"ஆறுதலுக்குச் சொல்லல. என்னாலதான்."

சொன்னேன். டியூப் என்றும் பிலிருபின் என்றும் ஆரம்பித்தேன், அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிகிற மாதிரி சொன்னேன். உன் பிள்ளை ரத்தத்தை வெயிலில் வைத்துவிட்டேன். வெயிலில் மஞ்சள் கரைந்துபோனது. அதைப் பார்த்துப் பிள்ளைக்கு மஞ்சள் குறைந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குறையவே இல்லை.

அவள் பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டாள். கழற்றினாள். போட்டாள்.

"அப்ப நான் தூங்குனதால இல்ல?"

"இல்ல."

"நீங்க எப்பத் தெரிஞ்சிக்கிட்டிய?"

"அவன் திரும்பி வந்த அன்னைக்கே."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, கணக்குப் புரியாத பிள்ளை பலகையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அன்னைக்குக் கையப் பிடிச்சு உங்ககிட்டயே அழுதேனே எக்கா. அப்பவும் பேசாம நின்னிய."



எழுந்து பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "என்கிட்ட சொல்லி என்னத்துக்கு ஆகும்? எங்க வீட்டுல வந்து சொல்லுங்க. அவரு முன்னால, அத்தை முன்னால. நாளைக்கழிச்சு ஞாயித்துக்கிழமை. அவரு வீட்டுலதான் இருப்பாரு."

மேடத்துக்கு போன் செய்து போகப்போகிறேன் என்றேன். "நானும் வரவா?" என்றார். வேண்டாம் என்றேன்.

ஜூலை 20

போய்விட்டு வந்தேன்.

ஊர் எல்லையில் பஸ் இறக்கிவிட்டது. முருங்கை மரம் நிற்கும் வீடு என்று சொல்லியிருந்தாள். வாசலில் லோடு ஆட்டோ நின்றது. மாமியார் என்னைப் பார்த்ததும், "வாங்க டாக்டரம்மா" என்று சேலைத் தலைப்பால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இசக்கிராணி அவர்களிடம் ஒன்றும் சொல்லி வைத்திருக்கவில்லை. பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டாள். எனக்குக் காப்பி வந்தது. அதைக் குடித்துவிட்டுச் சொல்வதா, குடிக்காமல் சொல்வதா என்று தெரியவில்லை. கீழே வைத்துவிட்டேன்.

நின்றுகொண்டே சொன்னேன். பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. இசக்கிராணி மேல் தப்பே இல்லை என்று மட்டும் நான்கைந்து தடவை சொல்லியிருப்பேன். மாமியார் முதலில், "என்ன சொல்லுதாவ இவ?" என்று மகனைக் கேட்டார். பிறகு புரிந்ததும் வாயில் அடித்துக்கொண்டு, "பாவி, பாவி" என்றார். என்னைத்தான். சரிதான். அப்புறம் மருமகள் பக்கம் திரும்பினார். திரும்பிய வேகத்திலேயே முகத்தைத் தாழ்த்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

உட்கார்ந்திருந்த வேல்ராஜ் எழுந்தார். என் மேல் கை வைக்கப்போகிறார் என்றே நினைத்தேன். நான் வைத்த காப்பித் தம்ளரை எடுத்து, காப்பியை முற்றத்தில் கொட்டினார். பாயைச் சுற்றி வந்து பிள்ளையின் தலைமாட்டில் நின்று தம்ளரைக் கீழே போட்டார். சிமென்ட் தரை. அடுக்களைக்குள் மாமியார் கையிலிருந்து எதுவோ நழுவியது. எனக்கு உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது. சபரீஷ் வாசலில் விழுந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தான்.

"இசக்கி" என்றார் வேல்ராஜ். "பிள்ளையத் தூக்கு. ஈ மொய்க்கி."

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. அவள் நகரவில்லை. சுவரோரம் நின்றபடியே என்னைப் பார்த்து, "சொல்லிட்டியல்லா. போங்க" என்றாள்.

வந்தேன். படியிறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே தம்ளர் மறுபடியும் விழுந்தது.

எனக்குக் கேட்டது.